ஒரே நோய்க்கு இருவேறு மருந்து ஏன்?

(தோட்ட மண்டபம் ஒன்றில் நடைபெற்ற சுகாதாரக் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து வெட்டுக்காட்டுக்குச் சென்று, பாலை நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலைகளையும் ஒருவாறு முடித்துவிட்டு இந்த மாலை வேளையில் இங்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். உங்கள் களைப்பை நான் அறிவேன்; நானும் தோட்டத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆகவே சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு வேறொரு தோட்டத்தில் இதுபோன்றதொரு கூட்டம் நடந்தது. நான் பேசி முடித்து, "யாருக்கேனும் ஐயம் உண்டா?" என்று கேட்டேன். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. அன்று பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"ஐயா, எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரே நோய். மார்பில் கட்டி. இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் ஆப்பரேஷன் நடந்தது. அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கையில் ஊசி குத்தி, மணிக்கணக்காக மருந்து ஏற்றினார்கள். எனக்கு ஒரு சின்ன மாத்திரை. தினம் ஒன்று, ஐந்து வருடம் சாப்பிடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்காகப் பேச ஆள் இல்லை என்பதால்தானே எனக்கு மலிவு மருந்து?"

மண்டபத்தில் ஓசையே இல்லை. அவர் உட்காரவுமில்லை. "நாலு மாதம் சாப்பிட்டேன் ஐயா. இப்போது நிறுத்திவிட்டேன்" என்றார்.

அன்று அவருக்குத் தக்க பதில் என்னிடம் இல்லை. "டாக்டர் சொன்னபடி செய்யுங்கள், அம்மா" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அது பதிலாகாது. ஏன் என்று கேட்கும் மாணவனிடம் "சொன்னதைச் செய்" என்று கூறுபவன் ஆசிரியனே அல்லன் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நானே அன்று அப்படிச் செய்துவிட்டேன். அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் நான் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மையாருக்கு மாத்திரை கொடுத்தது மலிவு பார்த்தன்று. அவருடைய கட்டியில் இருந்த ஒரு பொருள், பக்கத்து வீட்டு அம்மையாரின் கட்டியில் இல்லை. அந்தப் பொருளுக்கு ஏற்பி என்று பெயர்.

ஏற்பி என்றால் என்ன? இதை விளக்க நான் வெகுதூரம் போகவேண்டியதில்லை. உங்கள் நிரைக்குள்ளேயே வருகிறேன். மரத்தில் பால் குறைந்தால் பட்டைக்கு மருந்து பூசுகிறோம் அல்லவா? எத்திபோன் என்பது அதன் பெயர். 1970களில் நம் நாட்டுத் தோட்டங்களில் பரவிய மருந்து அது. தூரிகையால் கொஞ்சம் தடவுகிறீர்கள். சீக்கிரம் நின்றுவிடக்கூடிய பால், அதன்பின் நெடுநேரம் வடிகிறது. மங்கு நிறைகிறது.

அந்த மருந்து உரமா? அன்று. உரமென்றால் மூட்டைக் கணக்கில் போடவேண்டும். நாம் தடவுவதோ ஒரு துளி. அந்தத் துளி பட்டைக்குள் சென்று எத்திலீன் என்னும் வாயுவாக மாறுகிறது. வாழைக்காயைப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான். இது செடிகொடிகளின் ஹார்மோன். தமிழில் இயக்குநீர் என்பர். இயக்குநீர் என்பது உணவன்று, செய்தி. "பாலை இன்னும் விடு" என்று மரத்துக்குச் சொல்லப்படும் செய்தி. மரத்தின் உயிரணுக்களில் எத்திலீனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பதால், செய்தி போய்ச் சேர்கிறது. அதே மருந்தைக் காய்ந்த வேலிக்கம்பில் வாளி வாளியாக ஊற்றினாலும் ஒன்றும் நடவாது. கேட்பதற்கு அங்கே காதில்லை.

மனித உடலிலும் இதே முறைதான். பெண்ணின் சூலகத்தில் எஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இரு ஹார்மோன்கள் சுரக்கின்றன. சிறுமி பருவமடைவதும், மாதவிலக்கு வருவதும், கருவுற்ற தாயின் மார்பு பாலூட்டுவதற்கு ஆயத்தமாவதும் இவற்றின் செயல். எஸ்ட்ரோஜன் இரத்தத்தோடு உடல் முழுவதும் சுற்றுகிறது. ஆனால் எல்லா உறுப்பும் ஒரே விதமாக அதற்குச் செவிசாய்ப்பதில்லை. கருப்பையும் மார்பும் மிகுதியாகச் செவிசாய்க்கும். அவற்றின் உயிரணுக்களில் எஸ்ட்ரோஜனைப் பிடிக்கும் ஏற்பிகள் நிறைய உண்டு. இது நோயன்று, இயற்கை அமைப்பு.

இனி, மாடு வளர்ப்பவர்கள் விரும்பிக் கேட்கக்கூடிய ஒரு கதை. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்றோர் அறுவை மருத்துவர் இருந்தார். இளமையில் பால் சுரப்பைப் பற்றி ஆராய்ந்தவர். கன்று ஈன்ற பசுவின் சூலகத்தை எடுத்துவிட்டால் அது நெடுநாள் பால் கறக்கும் என்பதை அறிந்து சில நாடுகளில் விவசாயிகள் அவ்வாறே செய்து வந்தனர். இச்செய்தி அவருக்குத் தெரியவந்தது. வயிற்றுக்குள் இருக்கும் சூலகம், நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாமலேயே மார்பை ஆளுகின்றது என்று அவர் சிந்தித்தார். அப்படியானால் மார்பில் வளரும் புற்றுநோயையும் அது ஆளுமோ?

1895இல் இளம் பெண்ணொருத்தி அவரிடம் வந்தாள். மார்பை எடுத்த பின்னும் நோய் திரும்பிவிட்டிருந்தது. பீட்சன் அவளது சூலகங்களை அறுத்து எடுத்தார். சில மாதங்களில் கட்டிகள் கரைந்து மறைந்தன. 1896இல் இதனை மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். ஹார்மோன் என்னும் சொல்லே அன்று பிறந்திருக்கவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஓர் எண்ணம் மருத்துவ உலகின் கதவைத் திறந்தது. படிக்காதவன் அறிவு பயனற்றது என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்கவேண்டும். இது என் சொந்தக் கருத்து.

ஆனால் மற்ற மருத்துவர்கள் இதையே செய்து பார்த்தபோது ஒரு புதிர் தோன்றியது. ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருத்திக்குத்தான் பலன் கிடைத்தது. மற்ற இருவரும் வீணாகக் கத்திக்கு இரையாயினர். எந்தப் பெண்ணுக்குப் பலிக்கும், எவளுக்குப் பலிக்காது என்று முன்கூட்டியே சொல்ல எவராலும் இயலவில்லை. இந்த நிலை ஓர் ஆண்டு, இரண்டாண்டு இருக்கவில்லை. அறுபது, எழுபது ஆண்டுகள் நீடித்தது. எத்தனை பெண்கள் பயனின்றி வயிற்றைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

புதிரை அவிழ்த்தவர் எல்வுட் ஜென்சன் என்னும் அமெரிக்க வேதியியல் அறிஞர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1950களின் பிற்பகுதியில் அவர் செய்த காரியம் இது: எஸ்ட்ரோஜனில் ஒருவகைக் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, அது செல்லுமிடத்தைக் கருவிகளால் கண்டுபிடிக்கத் தக்கதாக ஆக்கினார். அதை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தினார். இரத்தத்தோடு அது எங்கும் சென்றது. தசை, இரத்தம் போன்றவற்றிலிருந்து சிறிது நேரத்தில் நீங்கிவிட்டது. கருப்பை போன்ற உறுப்புகளில் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது.

உங்கள் கண்ணால் பாருங்கள். மழை தோட்டம் முழுவதும் பெய்கிறது. மண்ணில் விழுந்த நீர் ஓடிவிடுகிறது. மரத்தில் மங்கு கட்டியிருந்தால் அதில் மட்டும் நீர் நிற்கிறது. எங்கே தங்கியதோ அங்கே தாங்கிப் பிடிக்க ஒன்று இருந்திருக்கவேண்டும். எஸ்ட்ரோஜனைத் தாங்கிப் பிடிக்கும் அந்த நுண்ணிய மங்குதான் ஏற்பி.

1958இல் வியன்னா நகரில் கூடிய மாபெரும் மாநாட்டில் ஜென்சன் இதை எடுத்துரைத்தபோது, கேட்பதற்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூட்டமெல்லாம் வேறு அறையில் இருந்தது. (இதைப் படித்தபோது, பத்துப் பேர் மட்டுமே வந்த கூட்டங்களில் பேசியுள்ள எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது.)

அடுத்த கேள்வி, புற்றுநோய்க் கட்டியிலும் இந்த ஏற்பி உண்டா என்பது. ஜென்சனும் பிறரும் நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டுகளைச் சோதித்தனர். சில கட்டிகளில் ஏற்பி நிறைந்திருந்தது. சிலவற்றில் அறவே இல்லை. 1970களின் தொடக்கத்தில் உண்மை துலங்கியது. ஏற்பி உள்ள கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை ஹார்மோன் சிகிச்சைக்குப் பணிந்தன. ஏற்பி இல்லாத கட்டிகளில் பத்தில் ஒன்றுகூடப் பணிவது அரிதாயிருந்தது. எழுபது ஆண்டுப் புதிருக்கு விடை கிடைத்தது. மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரால் நாம் அழைத்தது ஒரே நோயன்று!

அதே காலத்தில் இன்னொரு நிகழ்ச்சி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கன்னிகாஸ்திரீ இந்நோயால் துன்புற்றார். அவருடைய நெஞ்சில் கோத்திருந்த நீரை 1970இல் எடுத்தபோது, அதில் மிதந்த புற்றணுக்களை டெட்ராய்ட் நகரின் மிச்சிகன் புற்றுநோய் அறநிறுவனத்தில் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க முயன்றனர். அதற்குமுன் பல முயற்சிகள் தோல்வியடைந்திருந்தன. அணுக்கள் மடிந்து போயின. இம்முறை அவை பிழைத்துப் பெருகின. அந்த நிறுவனத்தின் முதலெழுத்துக்களோடு முயற்சியின் எண்ணையும் சேர்த்து எம்.சி.எப்.-7 என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். அந்த அம்மையார் அந்த ஆண்டே காலமானார். அவருடைய அணுக்களோ இன்றும் உலகின் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

அவ்வணுக்களில் எஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் இருந்தது. குடுவையில் எஸ்ட்ரோஜனைச் சேர்த்தால் அவை வேகமாகப் பெருகின; அதைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால் பெருக்கம் ஓய்ந்தது. நோயாளி ஒருவரையும் துன்புறுத்தாமல் கண்ணாடிக்குள்ளேயே இதைப் பார்க்க முடிந்தது. எஸ்ட்ரோஜன் உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து ஏற்பியில் அமர்கிறது. உடனே ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அது மரபுப் பொருளின் மீது ஏறி அமர்ந்து, "பெருகு" என்னும் கட்டளைகளைத் தட்டி எழுப்புகிறது. அப்படி எழுப்பப்படும் வேலைகளுள் ஒன்றுதான் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உண்டாக்குவது. ஆகவே இரண்டாவது ஏற்பியும் இருந்தால், முதலாவது ஏற்பி வெறுமனே கிடக்கவில்லை, வேலை செய்கிறது என்று அறியலாம். இதனால்தான் மருத்துவமனைகளில் இரண்டையும் சோதிக்கிறார்கள்.

இப்போது அந்தச் சின்ன மாத்திரைக்கு வருவோம். அதன் பெயர் டமோக்சிபென். அதன் பிறப்பே ஒரு தோல்விதான். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வாளர்கள் கருத்தடை மருந்து தேடினர். டோரா ரிச்சர்ட்சன் என்னும் பெண் வேதியியலாளர் 1962இல் இதைத் தயாரித்தார். எலிகளிடம் கருத்தடை செய்த இம்மருந்து, பெண்களிடம் நேர்மாறாக நடந்தது. கருமுட்டை வெளிவரத் தூண்டிவிட்டது! கருத்தடை மருந்தாக இது உதவாது என்றாயிற்று. ஆனாலும் ஆய்வுக்குழுத் தலைவர் ஆர்தர் வால்போல் இதை விட்டுவிட மனமில்லாமல் இருந்தார். மான்செஸ்டர் நகரின் கிறிஸ்டி மருத்துவமனையில் முற்றிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலருக்குக் கட்டி சுருங்கியது. 1971இல் அந்த முடிவு வெளியாயிற்று. 1973இல் பிரிட்டனும் 1977இல் அமெரிக்காவும் இதை மருந்தாக அங்கீகரித்தன. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது.

இது செய்யும் வேலை என்ன? நீங்கள் நன்கறிந்த மழைநாளைக் கொண்டே சொல்கிறேன். மரம் வெட்டியபின் மழை கொட்டிவிட்டால் மங்கு நீரால் நிறைந்துவிடுகிறது. வடியும் பாலுக்கு மங்கில் இடமில்லாமல் வெளியே வழிந்து வீணாகிறது. மரத்துக்கு அது நட்டம். டமோக்சிபென் அந்த மழைநீர் போன்றது. புற்றணுவின் ஏற்பியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பின்னால் வரும் எஸ்ட்ரோஜனுக்கு இடமில்லை. செய்தி போய்ச் சேரவில்லை, அணு பெருகவில்லை. உவமை எங்கும் முழுதாகப் பொருந்தாது என்றாலும் இதுதான் சாரம்.

மங்கிலிருக்கும் நீர் வற்றினால் என்னாகும்? மறுபடி பால் விழும். ஆகவேதான் தினம் ஒரு மாத்திரை. இம்மருந்து அணுக்களை ஒரேயடியாகக் கொன்று முடிப்பதைவிட, அவற்றை அடக்கி உறங்க வைப்பதே அதிகம். ஏற்பி உள்ள வகைப் புற்றுநோய்க்கு ஒரு தந்திர குணம் உண்டு. ஐந்தாண்டு, பத்தாண்டு, அதற்கு மேலும் பதுங்கியிருந்து தலைதூக்கக் கூடியது. கட்டியை எடுத்தாயிற்று, உடம்பு நன்றாயிருக்கிறது என்று நாம் நினைக்கும் காலத்தில்தான் காவல் தேவைப்படுகிறது. ஐந்தாண்டு என்ற கணக்கு யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதன்று. பல நாடுகளில் பல்லாயிரம் பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்துத் தொகுத்த முடிவுகள் 2011இல் வெளியாயின. ஏற்பி உள்ளவர்கள் ஏறத்தாழ ஐந்தாண்டு இம்மாத்திரையை உட்கொண்டபோது, முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிலருக்கு மருத்துவர் பத்தாண்டு வரையிலும் நீட்டுவதுண்டு. ஏற்பி இல்லாதவர்களுக்கோ இதனால் பயனே இல்லை.

ஆகவே அந்த இரு அம்மையார்களின் கதை விளங்கிவிட்டதல்லவா? பக்கத்து வீட்டு அக்காவின் கட்டியில் ஏற்பி இல்லை. அவருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் அதுதான் வஞ்சனை. வேகமாகப் பெருகும் அணுக்களை நேரே தாக்கும் மருந்தை அவருக்கு ஏற்றினார்கள். கேள்வி கேட்ட அம்மையாருக்கோ கிடைத்த மாத்திரை அவர் கட்டிக்கென்றே பொருந்திய மருந்து. விலை குறைவு என்பதால் அதன் வீரியம் குறைந்ததாகாது. ஏற்பி உள்ளவர்களிலும் சிலருக்கு, கட்டியின் அளவையும் பரவலையும் பார்த்து, மருந்தேற்றி முடித்தபின் மாத்திரையும் கொடுப்பார்கள். மாதவிலக்கு முற்றிலும் நின்ற பெண்களுக்கு வேறு மாத்திரைகள் உண்டு. சூலகம் ஓய்ந்த பிறகும் உடம்பிலுள்ள கொழுப்பில் எஸ்ட்ரோஜன் சிறிதளவு உண்டாகிக்கொண்டிருக்கும். அந்த உற்பத்தியையே தடுப்பவை அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் போன்றவை.

பத்து மார்பகப் புற்றுநோயாளிகளை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ ஏழு பேருக்கு இந்த ஏற்பி உள்ள வகைதான். இதை எப்படி அறிவது? கட்டியிலிருந்து ஊசிமூலம் சிறு துணுக்கு எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கு அதற்கு ஒருவகைச் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது, ஏற்பி உள்ள அணுக்களின் கரு பழுப்பு நிறமாகத் தெரியும். நூற்றில் ஓர் அணு அவ்வாறு தெரிந்தாலும் ஏற்பி உண்டு என்றே கொள்வர். அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு குறிகள் இருக்கும். முன்னது எஸ்ட்ரோஜன் ஏற்பி, பின்னது புரோஜெஸ்டிரோன் ஏற்பி. பாசிட்டிவ் என்றால் உண்டு. நெகட்டிவ் என்றால் இல்லை. பாசிட்டிவ் என்றதும் நோய் கடுமை என்று பயந்துவிடாதீர்கள்; இங்கே அது நல்ல சேதி. ஹெர்-2 என்று மூன்றாவதாக ஒரு குறியும் இருக்கும். அது ஹார்மோன் சம்பந்தப்பட்டதன்று. அதற்குத் தனி மருந்து உண்டு.

இந்த எழுத்துக்களைப் பற்றி இவ்வளவு நேரம் ஏன் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லிவிடுகிறேன்.

என் சின்னம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த புதிதில் அவருக்கு மார்பில் கட்டி தோன்றியது. வலியில்லாத கட்டி. யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். "குடும்பத்தில் இந்த நோய் என்று தெரிந்தால் என் பிள்ளையை யார் எடுப்பார்கள்?" என்று பிறகு கேட்டார். பதினொரு மாதம் மறைத்து வைத்து, கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் சொன்னார். அறுவை நடந்தது. மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன். மருத்துவமனைத் தாள்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம்தான் கொடுத்தார். தேதிகளைப் படித்துச் சொன்னேன். அதில் ஈ.ஆர். என்று இருந்ததை நான் பார்த்தேன். பொருள் தெரியவில்லை. ஆசிரியனாகிய நான் தெரியவில்லை என்று கேட்பதா என்று வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இரண்டாம் ஆண்டில் சின்னம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். மரத்தடியில் நிற்கும்போது உடம்பெல்லாம் அனல் வீசுகிறது என்றார். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாண்டு கழித்து முதுகெலும்பில் நோய் வந்தது. விடாமல் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். தனியொருவரைப் பற்றி அப்படி யாராலும் சொல்ல இயலாது. ஆனால் அந்த இரண்டு எழுத்துக்கு அர்த்தம் தெரிந்திருந்தால், நிறுத்தாதீர்கள் சின்னம்மா என்று காலில் விழுந்தாவது சொல்லியிருப்பேன்.

சரி. அனல் வீசுகிறது என்றேனே, அது உண்மைதான். டமோக்சிபெனால் பலருக்கு உடம்பு திடீரெனச் சூடாகி வியர்க்கும். மாதவிலக்கு முறை மாறும். அதைத் தணிக்க வழிகள் உண்டு. மருத்துவரிடம் சொல்லவேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது. அரிதாகச் சிலருக்குக் காலில் இரத்தம் உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சுத் திணறினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மாதவிலக்கு நின்றுபோனவருக்கு மீண்டும் உதிரப்போக்கு கண்டால், கருப்பையைச் சோதிக்கவேண்டும். இம்மருந்தை உட்கொள்ளும் காலத்தில் கருவுறக் கூடாது. கருத்தடைக்கு ஹார்மோன் மாத்திரையைத் தாமாக எடுத்துக்கொள்வதும் ஆகாது. வேறு முறையை மருத்துவர் கூறுவார். சந்தையில் பெண்களுக்கான சத்து மருந்து என்று விற்பவற்றையும் மருத்துவரிடம் காட்டாமல் குடிக்காதீர்கள்.

இதெல்லாம் நோய் வந்தவர்களுக்கு. வராதவர்களுக்கு ஒரு சொல். நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். நம்மவர்கள் பலர் நோய் முற்றியபிறகே மருத்துவரிடம் போகிறார்கள். குளிக்கும்போது மார்பைத் தடவிப் பாருங்கள். கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு, இவற்றில் எது கண்டாலும் தாமதிக்க வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சோதித்துச் சொல்லவேண்டியவர் மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரரன்று. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சமானால் தாதியரிடம் சொல்லுங்கள். ஆண்களும் கேட்டுக்கொள்ளவேண்டும்: அரிதாக இந்நோய் ஆண்களுக்கும் வருவதுண்டு, அதுவும் பெரும்பாலும் ஏற்பி உள்ள வகையே.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்பீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மருத்துவரின் எம்.சி. இருந்தால் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை. இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 18. அதற்கு மேற்பட்டவருக்கு 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. எம்.சி. தாளை அன்றே ஆபீசில் சேர்த்துவிடுங்கள்.

கணவன்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்கேனும் சிகிச்சை நடந்திருந்தால் அந்தத் தாள்களைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "ஈ.ஆர். உண்டா, இல்லையா? இந்த மருந்து எத்தனை ஆண்டு?" என்று கேளுங்கள். மலாயில் கேட்டாலும் சரி, தமிழில் கேட்டாலும் சரி, வெட்கப்படாமல் கேளுங்கள்.

கேள்வி கேட்ட அம்மையாரை இரண்டு மாதத்துக்குமுன் தேடிச் சென்றேன். இப்போது உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒரு பழைய மங்கையும் செம்புத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். மங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் நான் ஏன் ஐயா நிறுத்தப்போகிறேன்?" என்றார். அந்த யாராவது என்பதில் நானும் சேர்த்தி. மறுவாரம் அவருடைய மகன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் சோதித்துப் பார்த்து, மாத்திரையை மீண்டும் தொடங்கியிருக்கிறார். இன்னும் எத்தனை ஆண்டு என்று கேட்டதற்கு, விட்ட நாளையும் சேர்த்துக் கணக்குப் பண்ணிச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.

கூட்டம் முடிந்ததும் சுகாதார நிலையத்திலிருந்து வந்திருக்கும் தாதி அம்மையார் பாலர் பள்ளி அறையில் இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசலாம். பழைய அறிக்கைகளைக் கொண்டுவந்தவர்கள் அவரிடமே காட்டலாம்.